மறதி மரமும் பத்தாம் நிலையும்

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்றொரு சிறு நாடு உண்டு. 1975 வரை அதற்குத் தகோமே என்று பெயர். அதன் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் உள்ளே உய்தா என்னும் பழைய நகர் அமைந்திருக்கிறது. அந்நகரின் நடுவிலிருந்து கடல்வரை, வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, காண வந்தோர் பின்தொடர, ஒரு நடைப்பயணம் நடத்தப்பட்டு வருகிறது. விற்கப்பட்ட மனிதர்கள் கப்பலேறுவதற்காக நடத்திச் செல்லப்பட்ட வழி அது. ஆதலால் 'அடிமைப் பாதை' என்றே அழைக்கப்படுகிறது. இக்கட்டுரையில் நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது அந்த நடைப்பயணத்தையே.

நூலைத் திறனாயலாம், நாடகத்தைத் திறனாயலாம். நடப்பதையுமா திறனாய்வது என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். தவக்காலத்து வெள்ளிதோறும் கோவிலின் சுவரோரமாக 14 நிலைகளிலும் நின்று நின்று நகரும் நம் மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று. சிலுவைப்பாதை காலால் வாசிக்கப்படும் நூல். எங்கே நிற்பது, எங்கே முழந்தாளிடுவது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் கடப்பது என்பவையெல்லாம் யாரோ முன்பே எண்ணித் தீர்மானித்தவை. உய்தாவின் பாதையிலும் நிலைகள் உண்டு. நிலைக்கு நிலை சொல்லப்படும் கதை உண்டு. இறுதியில் கடலை நோக்கித் திறந்த ஒரு வாயில் உண்டு. ஆகவே அதற்கும் ஆசிரியர் உண்டு. ஆசிரியர் உள்ள இடத்தில் திறனாய்வாளருக்கும் சிறிது வேலை இருக்கத்தான் செய்யும்.

வழி பழையதே ஆயினும் இந்நடைப்பயணம் அண்மைக் காலத்தது. 1970களிலும் 1980களிலும் பெனினை ஆண்ட மார்க்சிய அரசு நாட்டின் பழைய வழிபாடுகளை ஒடுக்கி வைத்திருந்தது. 1990 பிப்ரவரியில் கூடிய தேசிய மாநாடு அந்த ஆட்சிமுறைக்குக் குருதி சிந்தாமல் முடிவு கட்டியது. அம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் உய்தாவில் பிறந்த ஆயர் இசிதோர் தெ சூசா. (இந்தக் குடும்பப் பெயரை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.) அடுத்து வந்த அதிபர் நிசேபோர் சொக்லோவின் அரசு, 'உய்தா 92' என்னும் பெயரில் வோடூன் கலை பண்பாட்டு விழாவை ஓராண்டு தாமதமாக 1993 பிப்ரவரியில் நடத்தியது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பெனினுக்கு வந்து, கொட்டொனூ நகரில் வோடூன் சமயத் தலைவர்களைச் சந்தித்ததும் அதே மாதத்தின் தொடக்கத்தில்தான். விழாவை ஒட்டிப் பாதையின் ஓரங்களில் சிற்பங்கள் எழுந்தன. 1994-இல் யுனெஸ்கோ நிறுவனம் 'அடிமைப் பாதை' என்னும் தன் பன்னாட்டு ஆய்வுத் திட்டத்தை உய்தாவிலேயே தொடங்கிவைத்தது. 1995-இல் கடற்கரையில் 'திரும்பா வாயில்' கட்டப்பட்டது. இன்று நடப்பவர் கேட்கும் கதை பெரும்பாலும் அந்த ஆண்டுகளில் கோக்கப்பட்டதே.

கதைக்குப் பின்னால் உள்ள வரலாறோ எளிதில் தாங்கக்கூடியதன்று. உய்தா பகுதி முதலில் குவேடா என்னும் சிற்றரசுக்கு உரியதாக இருந்தது. 1727-இல் தகோமே அரசன் அகஜா அதை வென்றான். அதற்கு முன்பும் பின்பும், ஏறத்தாழ 200 ஆண்டுகள், பிரெஞ்சியரும் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் அங்கே கோட்டை கட்டி மனிதரை வாங்கினர். அங்கிருந்து கப்பலேற்றப்பட்டோர் பத்து லட்சத்திற்கும் மேல் என்று, இந்நகரின் வரலாற்றை விரிவாக ஆய்ந்து 2004-இல் நூல் வெளியிட்ட இராபின் லா கணிக்கிறார். ஆப்பிரிக்கத் துறைகளில் அங்கோலாவின் லுவாண்டாவுக்கு அடுத்த இடம் உய்தாவுக்கே. துறை என்று சொல்வதும் ஒரு வழக்குத்தான். அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நின்றன. நகருக்கும் கடலுக்கும் இடையே ஒரு காயல் கிடந்தது. காயலைக் கடந்து, மணலைக் கடந்து, மலைபோல் எழும் அலைகளின் ஊடே தோணிகளில் ஏற்றித்தான் கப்பலுக்குக் கொண்டுபோயினர். 1854-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெளிவந்த மகோம்மா பக்குவாக்குவா என்பவரின் வாழ்க்கை வரலாறு, இக்கரையில் தோணி கவிழ்ந்து சிறைப்பட்டோர் மடிந்ததைச் சொல்கிறது. அவரும் அவ்வாறு கொண்டுபோகப்பட்டவரே.

இனி நடையைப் பார்ப்போம்.

நகர் நடுவில் அமல உற்பவ அன்னையின் பேராலயமும் மலைப்பாம்புக் கோவிலும் எதிரெதிரே நிற்கின்றன. வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. இரு சமயமும் இங்கே சண்டையின்றி வாழ்கின்றன என்று கூறி, பாம்பைக் கழுத்தில் அணிந்து படம் எடுத்துக்கொள்ளவும் வழி செய்வார்கள். சுற்றுலாவுக்கு இது போதும். அடுத்து போர்த்துகீசியக் கோட்டை. 1721-இல் கட்டப்பட்டது, 1961 வரை, தீவுபோல் சூழப்பட்டும் போர்த்துகல் அதை விடாமல் பிடித்திருந்தது, தகோமே அரசு கைப்பற்ற வந்தபோது அங்கிருந்த அதிகாரி தீவைத்துவிட்டே வெளியேறினார். 1967-இல் அது வரலாற்று அருங்காட்சியகம் ஆயிற்று. அக்கோட்டையின் பெயரை வழிகாட்டி சொல்லும்போது நம் காது சற்றுக் கூசாமல் இராது. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்று முழங்கிய புனித திருமுழுக்கு யோவானின் பெயர்தான் அதற்கு.

கோட்டையை அடுத்துச் சாச்சா சதுக்கம். சாச்சா என்பது பிரேசிலின் பாகியாவிலிருந்து வந்த பிரான்சிஸ்கோ பெலிக்ஸ் தெ சூசாவின் பட்டப்பெயர். 1818-இல் கேசோ என்பவர் தம் உடன்பிறந்தாரான அரசர் அதாந்தோசானை நீக்கி அரியணை ஏற உதவியவர், அதற்குக் கைம்மாறாக உய்தா வணிகத்தில் பெருஞ்செல்வாக்குப் பெற்றவர், 1849-இல் இறந்தவர். கத்தோலிக்கர். இங்கேதான் மனிதர் ஏலம் விடப்பட்டனர் என்கிறது பாதையின் கதை. இங்கிருந்து மண்சாலை கடலை நோக்கி நீள்கிறது.

சாலையில் சிறிது தொலைவில் 'மறதி மரம்' நின்றதாகச் சொல்லப்படும் இடம் வருகிறது. மரம் இன்று இல்லை. நினைவுச் சின்னம் இருக்கிறது. சிறைப்பட்ட ஆண்கள் இம்மரத்தை ஒன்பது முறையும் பெண்கள் ஏழு முறையும் சுற்ற வைக்கப்பட்டனர், சுற்றி முடித்ததும் ஊர், உறவு, பெயர், தெய்வம் அனைத்தும் மறந்துபோயின, மறந்தவர் எதிர்க்கமாட்டார், சபிக்கவும் மாட்டார், ஆகவேதான் இச்சடங்கு. இதுதான் கதை. அடுத்து 'சோமாயி': வெளிச்சம் புகாத இடம் என்று பொருள், இருட்டில் அடைத்து வைத்த கொட்டடி இருந்த இடம். அப்பால் சுங்போஜியில், பயணத்துக்கு முன்பே இறந்தோரைப் புதைத்த குழியின்மேல் ஒரு நினைவுச் சுவர். பின்னர் 'திரும்பும் மரம்': இதை மூன்று முறை சுற்றினால், உடல் எங்கே மடிந்தாலும் ஆவி இம்மண்ணுக்குத் திரும்பும் என்பது நம்பிக்கை. கடைசியில், கடற்கரை மணலில் திரும்பா வாயில்.

கதை கட்டும் கலை என்ற அளவில் இது தேர்ந்த வேலை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கோட்டையில் நின்று எண்ணிக்கைகளைக் கேட்கும்போது கலங்காதவர்கூட மரத்தடியில் கலங்குகிறார். பத்து லட்சம் என்பதை மனம் பிடித்துக்கொள்வதில்லை. ஒன்பது என்பதைப் பிடித்துக்கொள்கிறது. நாம் உடன் நடந்த வழிகாட்டி உரத்த குரலினர். ஆனால் மரம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். நான்காம் எண்ணுக்கு மேல் எங்கள் குழுவில் எவரும் பேசவில்லை. நல்ல மறையுரையாளர் அறிந்திருக்க வேண்டிய வித்தை இது. குருமடத்தில் கற்றுத்தருவார் இல்லை.

ஆனால் அந்த மரம் ஐயத்துக்குரியது. அடிமை வணிகம் நடந்த காலத்தில் உய்தாவைக் கண்டு எழுதிய ஐரோப்பியர் பலர். கோட்டைக் கணக்குகளும் கடிதங்களும் ஏராளம். அவற்றில் மறதி மரச் சடங்கைப் பற்றிய சான்று கிடைக்கவில்லை என்றும், இக்கதை இன்றைய வடிவில் பிற்காலத்தது என்றும் இராபின் லா காட்டியிருக்கிறார். ஆகவே மரத்தடியில் கேட்டதை வரலாறு என்று வீட்டுக்குக் கொண்டுசெல்ல இயலாது.

அப்படியானால் பொய் என்று ஒதுக்கிவிடலாமா? அவ்வளவு விரைவில் தீர்ப்பிட நமக்கு உரிமை இல்லை. நம் சிலுவைப்பாதையில் வெரோனிக்கா ஆண்டவரின் முகத்தைத் துடைக்கிறார். நான்கு நற்செய்திகளிலும் வெரோனிக்கா இல்லை. ஆண்டவர் மூன்று முறை தரையில் விழுகிறார். ஒரு விழுகையும் நற்செய்தியில் எழுதப்படவில்லை. 1991ஆம் ஆண்டுப் புனித வெள்ளியன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமைக் கொலோசியத்தில், எல்லா நிலைகளும் விவிலியத்திலிருந்தே எடுக்கப்பட்ட ஒரு சிலுவைப்பாதையை நடத்தினார். ஆயினும் பழைய 14 நிலைகளும் நம் சுவர்களிலிருந்து இறக்கப்படவில்லை. பக்தி தன் இடைவெளிகளைத் தானே நிரப்பிக்கொள்ளும். நிரப்பியது எதை நோக்கி நம்மை நடத்துகிறது என்பதே கேள்வி. வெரோனிக்கா நிலை, கூட்டத்தில் நிற்கும் ஒருவர் செய்யக்கூடிய, ஆனால் செய்யாமல் விட்ட ஒன்றை நம் கண்முன் வைக்கிறது. துணியை எடுத்துக்கொண்டு நீயும் முன்னே வா என்கிறது. மறதி மரமோ என்ன சொல்கிறது?

போனவர்கள் மறந்துவிட்டார்கள் என்கிறது.

இதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை. ஏனெனில், போனவர்கள் மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதற்குச் சான்றுகள் கடலுக்கு அப்பால் மலைபோல் குவிந்திருக்கின்றன. எயிட்டி நாட்டு மக்கள் தங்கள் வழிபாட்டுக்கு வோடூ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உய்தாவில் தெய்வத்தைக் குறிக்கும் சொல் அது. லெக்பா, தான் என்னும் தெய்வப் பெயர்கள் மூன்று நூற்றாண்டுக் கசையடிக்கும் அழியவில்லை. பிரேசிலின் சான் லூயிஸ் நகரில் 'காசா தாஸ் மினாஸ்' என்றொரு வழிபாட்டு இல்லம் உண்டு. அங்கே தகோமே அரச குலத்தின் முன்னோரே தெய்வங்களாகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். அரசர் கேசோவின் தாய் அகோந்திமே, அதாந்தோசானின் ஆட்சியில் அடிமையாக விற்கப்பட்டார் என்பது வரலாறு. அவர்தாம் அவ்வழிபாட்டை அங்கே நிறுவியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பியேர் வெர்ஜே முன்வைத்த கருத்து. அரசனின் தாயே விற்கப்பட்டார். அவரையும் எந்த மரமும் மறக்கச் செய்யவில்லை.

எல்லாவற்றிலும் தெளிவான சாட்சி கொசோலா. அமெரிக்காவில் கஜோ லூயிஸ் என்று அழைக்கப்பட்டவர். 1860-இல் தகோமே அரசர் கிளேலேயின் படை அவருடைய ஊரைத் தாக்கியது. ஏறத்தாழ 19 வயதில் பிடிபட்டு, உய்தாவின் கொட்டடியில் மூன்று வாரம் அடைபட்டுக் கிடந்து, ஏறத்தாழ 110 பேரோடு 'கிளோட்டில்டா' என்னும் கப்பலில் அலபாமா மாநிலத்து மொபீல் நகருக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆட்களை வெளிநாட்டிலிருந்து அடிமையாகக் கொண்டுவருவதை அமெரிக்கச் சட்டம் 1808-லேயே தடை செய்திருந்தது. ஆகவே தடயத்தை மறைக்கக் கப்பலை எரித்து மூழ்கடித்தனர். அதன் சிதைவு அதுவே என்று 2019-இல் உறுதி செய்யப்பட்டது. 1920களின் இறுதியில் எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் அவரிடம் சென்று பல நாட்கள் உட்கார்ந்து கேட்டு எழுதினார். அந்த நூல் 2018-இல்தான் அச்சேறியது. ஊர் எரிந்த காலை, வெட்டப்பட்ட தலைகள், கொட்டடியின் வேலி, கடலின் இரைச்சல் என்று ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பிறகும் அம்முதியவர் ஒன்றையும் விடவில்லை. தாயின் நினைவு வரும்போதெல்லாம் அவர் பேச்சு நின்றுபோயிற்று. அவர் சொன்ன கதையில் மரம் மட்டும் வரவில்லை.

அப்படியானால் மரத்தைச் சுற்றி மறந்தவர்கள் யார்? நடையின் போக்கிலேயே இதற்கு விடை கிடக்கிறது. பாதையின் இருமருங்கும் சிமெண்டில் செய்து வண்ணம் தீட்டிய சிற்பங்கள் நிற்கின்றன. அபோமே நகரத்துக் கலைஞர் சிப்ரியன் தொக்குடாக்பா முதலியோர் செய்தவை. தம்மளவில் உயிருள்ள படைப்புகள். அவற்றில் பல, தகோமே அரசர்களின் குலச் சின்னங்கள். கிளேலேயின் சின்னம் சிங்கம். கேசோவின் சின்னம் எருமை. உய்தாவை வென்ற அகஜாவின் சின்னம் ஐரோப்பியக் கப்பல். மனிதரைப் பிடித்து விற்ற அரசர்களின் விருதுகள், விற்கப்பட்டோர் நடந்த வழிக்கு அணிசெய்கின்றன. கொசோலா நடந்த மண்ணுக்கு, அவர் ஊரை எரித்த அரசனின் மரபு காவல் நிற்கிறது. சாச்சா சதுக்கத்தில் நின்றபோது, இங்கே கொண்டுவரப்பட்டோரைப் பிடித்துத் தந்தவர் யார் என்று எங்கள் குழுவிலிருந்த ஒரு முதியவர் கேட்டார். போரில் பிடிபட்டவர்கள் என்றார் வழிகாட்டி. யார் தொடுத்த போர் என்றார் அவர். வெயில் ஏறுகிறது, நடப்போம் என்று பதில் வந்தது.

அந்த வழிகாட்டியைக் குறைகூறுவது எளிது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. அவர் நாள்தோறும் இதே ஊரில் வாழ வேண்டியவர். கடல் கடந்தவர்கள் ஒரு பங்கு; கடல் கடத்தப்படாமல் உய்தாவிலேயே அடிமைகளாய் வைக்கப்பட்டுச் சுமை தூக்கியோர், வயலில் உழைத்தோர், தோணி தள்ளியோர் மற்றொரு பங்கு. அவர்களுடைய வழித்தோன்றல்களும் விற்றவர்களுடைய வழித்தோன்றல்களும் ஒரே சந்தையில் பொருள் வாங்கி, ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பி, ஞாயிறன்று ஒரே பேராலயத்தில் மண்டியிடுகிறார்கள். இன்னார் யார் வழி என்று கேட்பது அங்கே பண்பாகாது. தெ சூசா குடும்பத்தார் இன்றும் மதிப்புடன் வாழ்கின்றனர். சாச்சா பட்டம் இன்றும் வழிவழியாகச் சூட்டப்படுகிறது. நாட்டை வன்முறையின்றி மக்களாட்சிக்குக் கொண்டுவந்த ஆயர் அக்குடும்பப் பெயரைத் தாங்கியவரே. மனித வரலாறு இப்படித்தான் நம் கையில் வந்து சேர்கிறது. நெல்லையும் பதரையும் தனித்தனியாக யாரும் அளந்து தருவதில்லை. இந்த நிலையில், 'அவர்கள் மறந்தார்கள்' என்று சொல்லும் மரம் ஊருக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை நம்மால் உணர முடிகிறது. போனவர்கள் மறந்திருந்தால், இருப்பவர்களிடம் கணக்குக் கேட்க ஒருவரும் இல்லை.

ஆனால் கேட்க வருகிறார்கள். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. 1999-இல், மீண்டும் அதிபராகியிருந்த கெரெக்கூ, தம் நாட்டு முன்னோர் இவ்வணிகத்தில் கொண்ட பங்குக்காக அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் ஒரு கறுப்பர் கோவிலில் மன்னிப்புக் கேட்டார். 2024-இல் பெனின் அரசு, அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றியது. பிரேசிலிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வருவோர் இப்பாதையில் நடக்கிறார்கள். பாட்டியின் பாட்டி பெயரைக்கூட அறியமாட்டாமல், ஆனால் அவர் பாடிய தாலாட்டின் இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு வருகிறவர்களும் அவர்களுள் இருக்கக்கூடும். அப்படி வருபவரிடம், உன் முன்னோர் இங்கே எல்லாவற்றையும் மறந்தார்கள் என்று சொல்வது வரலாற்றுப் பிழை மட்டுமன்று. அவர் கையில் எஞ்சியிருக்கும் இரண்டு சொற்களையும் பறிப்பதாகும்.

இனி நம் வீட்டுக் கணக்கு. பேராலயத்தில் வழிகாட்டி சிறிது நேரமே நிற்கிறார். கட்டப்பட்ட காலத்தைச் சொல்கிறார். 2011 நவம்பர் 19 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இங்கே ஆப்பிரிக்கத் திருச்சபைக்கான திருத்தூது ஊக்கவுரையில் கையொப்பமிட்டதைச் சொல்கிறார். கர்தினால் பெர்னார்தின் கந்தின் இந்நகரின் புனித கால் குருமடத்தில் அடக்கம் செய்யப்பட்டிருப்பதையும் கேட்டால் சொல்வார். திருச்சபை அடிமைப் பாதையில் எங்கே நின்றது என்று அவர் சொல்வதில்லை. கத்தோலிக்கப் பயணியர் கேட்பதும் இல்லை. 1455-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் போர்த்துகல் அரசருக்கு வழங்கிய ஆணைமடல், கிறிஸ்தவர் அல்லாதோரை நிலையான அடிமைத்தனத்துக்கு உட்படுத்தவும் இடமளித்தது. 1839-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். அப்போது உய்தாவில் கத்தோலிக்கரான சாச்சா தெ சூசா உயிரோடு இருந்தார், வணிகமும் நடந்துகொண்டிருந்தது. 1992 பிப்ரவரியில் இரண்டாம் யோவான் பவுல், செனகல் நாட்டுக் கோரே தீவின் அடிமை இல்லத்தில் நின்று, கிறிஸ்தவர்கள் இழைத்த இக்கொடுமைக்காக விண்ணகத்தின் மன்னிப்பை இறைஞ்சினார். இவையெல்லாம் ஒரே நடையில் சொல்லப்பட வேண்டிய நிலைகள்.

சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. அது தமிழ் மண்ணோடு தொடர்புடையது. புதுச்சேரி, சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் பணியாற்றிய மெல்கியோர் தெ மரியோன் பிரசியாக் 1846-இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே அவர் வேட்கை. சாதி வழக்கங்களுக்குத் திருச்சபை எந்த அளவுக்கு இடம் கொடுக்கலாம் என்னும் பழைய சிக்கலில் மனச்சான்று அமைதியுறாமல் 1855-இல் கோயம்புத்தூர்ப் பொறுப்பைத் துறந்தார். 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சங்கத்தை நிறுவினார். தகோமேக்குச் செல்ல விரும்பினார். சியரா லியோனுக்கு அனுப்பப்பட்டு, வந்து இறங்கிய சில வாரங்களிலேயே, 1859 ஜூன் 25 அன்று காய்ச்சலால் மடிந்தார். அவருடைய சங்கத்தைச் சேர்ந்த பிரான்செஸ்கோ போர்கேரோ 1861 ஏப்ரலில் உய்தாவின் கரையில் இறங்கினார். கொசோலா அதே கரையில் ஏற்றப்பட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. அரியணையில் இருந்தவர் அதே கிளேலே. போர்கேரோ முதலில் தங்கியதும் திருப்பலி நிறைவேற்றியதும் அதே போர்த்துகீசியக் கோட்டையில். திரும்பா வாயிலுக்குச் சற்றுத் தொலைவில், மறைபணியாளர் வருகையைக் கொண்டாடும் கத்தோலிக்க நினைவுச்சின்னம் ஒன்றும் கடலைப் பார்த்து நிற்கிறது. வாயிலில் புறப்பாடு, நினைவுச்சின்னத்தில் வருகை. இடையில் உள்ள மணலை வழிகாட்டி கடப்பதில்லை, நம்மவரும் கடப்பதில்லை. சாதியின் முன் கலங்கி நின்ற ஆயர் ஒருவரின் பிள்ளைகள், அடிமைத் தொழுவின் வாயிலுக்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை அந்த மணலில் நின்று சொன்னால் பாதைக்கு ஒன்றும் குறையாது.

கடைசியாக வாயில். 1995-இல் எழுப்பப்பட்ட அதன் மேற்பகுதியில் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. சங்கிலியால் பிணைக்கப்பட்ட மனிதர்கள் நீண்ட வரிசைகளாகக் கடலை நோக்கிச் செல்கிறார்கள். ஆடையின்றிச் செல்கிறார்கள். காண்போர் அதை இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அடிமை என்றால் அப்படித்தான் என்று நம் எல்லார் மனத்திலும் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

கொசோலாவின் சாட்சியம் இங்கேதான் நம்மை நிறுத்துகிறது. அவரும் தோழர்களும் தங்கள் ஊரில் நெய்த துணியை உடுத்தித்தான் கடற்கரைக்கு வந்தார்கள். கப்பலேற்றும் நேரத்தில் அதை உருவிக்கொண்டார்கள். போகுமிடத்தில் உடை கிடைக்கும் என்றார்கள். அமெரிக்காவில் இறங்கியபோது, ஆப்பிரிக்கர் ஆடை அறியாதவர் என்று கண்டவர் நகைத்தனர். ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழித்தும் அந்த அவமானம் அம்முதியவருக்கு ஆறவில்லை. எங்களுக்கு ஆடை இருந்தது, நீங்கள் பறித்தீர்கள் என்பதைக் கேட்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தார்.

சிலுவைப்பாதையின் பத்தாம் நிலையில் நாம் தியானிப்பது இதைத்தான்: ஆண்டவரின் ஆடைகளைக் களைகிறார்கள். அந்நிலைக்கு நற்செய்தியில் சான்று உண்டு. உய்தாவின் பத்தாம் நிலைக்கும், அதை உடலால் அறிந்தவரின் வாய்ச்சொல்லே சான்றாக இருக்கிறது. மரத்தடியில் குரலைத் தாழ்த்தத் தெரிந்த அந்த நல்ல வழிகாட்டி, வாயிலின்முன் இதைச் சொல்லியிருந்தால், சிற்பியின் வரிசைகளை நாம் வேறு கண்ணால் பார்த்திருப்போம். அங்கே நிற்பது ஆடை அறியாத கூட்டமன்று, துணி உருவப்பட்ட தறிக்காரரும் உழவரும் என்பது விளங்கியிருக்கும். கட்டிய வாயிலை இடிக்க வேண்டியதில்லை. சொல்லும் கதையை மாற்ற ஒரு காசும் செலவில்லை.

கொசோலா 1935-இல் இறந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சோரா ஹர்ஸ்டன் அவரைப் படம் எடுக்க விரும்பினார். முதியவர் வீட்டுக்குள் சென்று, தம்மிடம் இருந்தவற்றுள் சிறந்த உடையை அணிந்து வந்தார். காலணிகளை மட்டும் கழற்றியிருந்தார். ஆப்பிரிக்காவில் நிற்பதுபோல் தோன்ற வேண்டும் என்றார். பிறகு, மனைவியும் பிள்ளைகளும் புதைக்கப்பட்டிருந்த கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவர்கள் நடுவே வெறுங்காலுடன் நின்றுகொண்டார்.